தண்ணீர் முறைக்கு எழுப்பிவிடும் வீடு

மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டிக்கு மாநகராட்சித் தண்ணீர் காலை 5 மணிக்கு வரும், 7.30க்கு நின்றுவிடும். முப்பது வருடமாக அந்த நேரத்துக்கு அலாரம் வைக்காமலே எழுந்து பழகிவிட்டது. அதனால் ஸ்பெயினில் நாங்கள் தங்கிய மலைவீட்டின் வீட்டுக்காரம்மா, "நாளை விடிகாலை 4 மணிக்கு நம் தோட்டத்துக்குத் தண்ணீர் முறை. விருப்பமிருந்தால் எழுப்புகிறேன்" என்று செல்போனில் மொழிபெயர்த்துக் காட்டியபோது எனக்கு ஒன்றும் வினோதமாகத் தெரியவில்லை. அக்காதான் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி, ஒண்ணரை லட்சம் செலவழிச்சு இங்கயும் தண்ணி புடிக்கவா வந்தோம்?"

ஆனால் மறுநாள் 4 மணிக்கு முன்னாலேயே என்னை உலுக்கி எழுப்பியது அவள்தான்.

வீட்டின் பெயரைப் போடவில்லை. மூன்றே அறைகள் உள்ள வீடு. குறைகளும் சொல்ல இருக்கின்றன. பெயரோடு எழுதினால் அவற்றை விழுங்கிவிடுவேன், ஏனென்றால் நாங்கள் கிளம்பும்போது அந்தம்மா ஒரு பை வாதுமைப் பருப்பை அக்கா கையில் திணித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் இதுபோல நிறைய வீடுகள் உண்டு. 'காசா ருரால்' என்று தேடுங்கள். ஊர்ப்புறத்தில் விருந்தினருக்கு விடும் வீடு என்று பொருள். நான் எழுதுவதில் பாதியாவது அவற்றுக்கும் பொருந்தும்.

எனக்கு 58 வயது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இடது முழங்காலில் தேய்மானம். அக்காவுக்கு 64, முலுண்டில் மகன் வீட்டில் இருக்கிறாள், சர்க்கரைக்கு மாத்திரை, ஆனால் நடையில் என்னை முந்திவிடுவாள். இருவருக்கும் பிறந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயில்தான் நீந்தக் கற்றோம். இதை ஏன் சொல்கிறேன் என்று போகப்போகத் தெரியும்.

2017-இல் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு குழுச் சுற்றுலாவில் ஐரோப்பா போயிருந்தோம். 12 நாளில் 7 நாடு. பேருந்திலேயே தேப்லா என்ற குஜராத்தி ரொட்டி, பேருந்திலேயே தூக்கம், இறங்கினால் போட்டோ. திரும்பி வந்தபின் எந்தப் போட்டோ எந்த ஊர் என்று எங்களுக்குள் சண்டையே வந்தது. இந்தத் தடவை ஒரே வீட்டில் ஒன்பது இரவு, கார் இல்லை, கால்தான் வண்டி என்று முடிவு செய்தேன். நான்கு மாதம் தினமும் டயமண்ட் கார்டனில் நடை, லிஃப்டை விட்டு ஏழு மாடி படியேற்றம், மாதத்துக்கு ஒரு ஞாயிறு கன்னேரி குகைக்கு ஏறுவது என்று தயார் செய்துகொண்டோம். அந்தப் படியேற்றம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் முதல் நாளே திரும்பியிருப்பேன்.

விசா கதையை நீட்டப் போவதில்லை. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அதனால் கடைசி நேரம் வரை காத்திருக்காதீர்கள். மும்பையிலிருந்து துபாய் வழியாக மாட்ரிட், அங்கிருந்து அதிவேக ரயிலில் மூன்றரை மணி நேரத்துக்குள் கிரனாடா. அங்கே இரண்டு இரவு தங்கிவிட்டு மலைக்குப் பேருந்து. மலைப் பேருந்து நாளைக்கு ஒரு கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் போகும். ஒன்றை விட்டால் அரை நாள் போச்சு.

வீடு இருப்பது சியெர்ரா நெவாதா மலையின் தெற்குச் சரிவில். அந்தச் சரிவின் பெயர் அல்புஹர்ரா. பொகெய்ரா ஆறு அறுத்துக்கொண்டு இறங்கும் பள்ளத்தாக்கில் பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா என்று மூன்று வெள்ளை ஊர்கள், கொலுப்படி வைத்தமாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்று: சுமார் 1,050, 1,300, 1,430 மீட்டர் உயரத்தில். கடைசிப் படியே ஏற்காட்டைவிடக் கொஞ்சம் தாழ்வுதான். ஆனால் அதற்கு மேலே ஸ்பெயின் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான முலஸேன், 3,479 மீட்டர், மே மாதத்திலும் பனியோடு நிற்கிறது. கிரனாடாவை ஆண்ட முஸ்லிம் அரசர்களில் ஒருவரான முலே ஹஸனின் பெயர்தான் அப்படித் திரிந்திருக்கிறது. 1492-இல் கிரனாடா வீழ்ந்த பிறகும் அந்த மக்கள் இந்த மலைச்சரிவில் பல பத்தாண்டுகள் இருந்தார்கள். 1568-இல் கிளர்ச்சி செய்து, 1571-இல் தோற்று, விரட்டப்பட்டார்கள். அவர்கள் விட்டுப்போனவை வாய்க்கால்களும் படிவயல்களும் ஊர்ப்பெயர்களும் இந்த வீடுகளின் கட்டுமானமும்.

வீட்டைப் பார்த்ததும் அக்கா சொன்னது: "நம்ம ஊர் தட்டட்டி மாதிரியே இருக்குலா?" உண்மைதான். ஓடு இல்லை, சரிவுக் கூரை இல்லை, மட்டமான தட்டட்டி. வாதாங்கொட்டை நிறத்தில் செஸ்ட்நட் மர உத்திரம், அதன்மேல் கற்பலகை, அதற்கு மேல் 'லௌனா' என்ற சாம்பல்நிறக் களிமண் ஒரு சாண் கனம். மழை பட்டால் அந்த மண் இறுகித் தண்ணீரை உள்ளே விடாது என்று வீட்டுக்காரர் விளக்கினார். எங்கள் அறையின் ஒரு மூலையில் மட்டும் அது இறுக மறந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். சுவர் இரண்டு அடி கனம். ஜன்னல் சின்னது. அறைக்குள் ஒரு விறகடுப்பு. தரையில் 'ஹராபா' என்ற விரிப்பு, பழந்துணியைக் கீற்றாகக் கிழித்துத் தறியில் நெய்தது. அக்கா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பவானி ஜமக்காளத்துக்குத் தங்கச்சி" என்று முடிவு செய்தாள். பம்பனெய்ராவில் இன்னும் தறி போட்டு நெய்கிறார்கள். ஒன்று வாங்கி வந்து என் ஹாலில் போட்டிருக்கிறேன்.

பழக வேண்டியிருந்தது நேரத்துக்குத்தான். மே தொடக்கத்தில் அங்கே சூரியன் காலை 7 மணிக்குப் பிறகுதான் வருகிறது, ராத்திரி 9 மணிக்குத்தான் போகிறது. அக்கா சாயங்காலம் விளக்கேற்றுகிறவள். முதல் நாள் 6.30க்கு ஏற்றினாள், வெளியே உச்சி வெயில் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் நாளிலிருந்து 9 மணிக்கு ஏற்றினாள். மதியச் சாப்பாடு 2.30, பிறகு 5 மணி வரை ஊரில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது. இரவுச் சாப்பாடு 9.30. சர்க்கரை உள்ளவர்கள் இதை முன்னாலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். அக்கா 7 மணிக்கு ஒரு கைப்பிடி வாதுமையும் ஒரு துண்டு ரொட்டியும் தின்று சமாளித்தாள். அந்த வாதுமை தோட்டத்து மரத்தில் காய்த்தது, கேட்டால் உடைத்துத் தருவார்கள்.

நம் சாப்பாட்டுப் பழக்கத்துக்கு அந்தப் பகுதி கொஞ்சம் சோதனைதான். அங்கே பெருமையே பன்றி. பக்கத்து ஊர் த்ரெவேலெஸில் மலைக்காற்றில் உலர்த்தும் பன்றித்தொடை நாடெங்கும் பிரசித்தம். 1862-இலேயே ராணி இஸபெல் பட்டயம் கொடுத்திருக்கிறார். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் தலைக்கு மேல் தொடைகள் தொங்கும். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்தே நடந்தாள். நான் முட்டை, மீன் சாப்பிடுவேன். அவள் அதுவும் செவ்வாய், வெள்ளி தொடமாட்டாள். வீட்டுக்காரம்மாவிடம் போகும் முன்பே கடிதமாக எழுதிவிட்டேன். அவர் அதை அச்செடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். ஒன்பது நாளில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. இதற்கு மட்டும் முழு மதிப்பெண்.

'ஏழை மாதிரி உருளைக்கிழங்கு' என்று பொருள்படும் ஒரு சமையல், உருளையும் பச்சைக் குடைமிளகாயும் வெங்காயமும் ஆலிவ் எண்ணெயில் மெல்ல வெந்தது, மூன்று நாள் சாப்பிட்டும் அலுக்கவில்லை. வாதுமை, பூண்டு, பழைய ரொட்டி, எண்ணெய், வினிகர் சேர்த்து அரைத்த 'அஹோபிளாங்கோ' என்ற குளிர்ந்த வெள்ளைச் சாறு எனக்கு ரொம்பப் பிடித்தது. அக்கா ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டாள். "தேங்காச் சட்னியைத் தண்ணியாக் கரைச்சுக் குடிக்கச் சொல்லுதா" என்றாள்.

ஆறாம் நாள் மழை. மழை பெய்தால் 'மீகாஸ்' கிண்டுவது அங்கே வழக்கமாம். பல இடங்களில் அதை ரொட்டித் தூளில் செய்வார்கள். இந்தப் பக்கத்தில் ரவையில். வீட்டுக்காரம்மா இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டுப் பூண்டையும் மிளகாயையும் வறுத்து எடுத்துவைத்தார், தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டார், கொதித்ததும் ரவையைக் கொட்டினார். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வித்தியாசம் அதற்குப் பிறகுதான்: முக்கால் மணி நேரம் விடாமல் கரண்டியால் வெட்டிவெட்டிக் கிளறினார், உப்புமா உதிர்ந்து உதிர்ந்து பொன்னிற மணிமணியாக ஆகும் வரை. பாதியில் அவர் கை ஓய்ந்தபோது அக்கா கரண்டியை வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கடுகு, கருவேப்பிலை ரெண்டும்தான் பாக்கி. மத்தபடி எங்க மாமியார் கிண்டினதைவிட இது மேல்" என்றாள். மாமியார் போய் இருபது வருடம் ஆகிறது.

பதிலுக்கு அக்கா கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை அவர்கள் ஆலிவ் எண்ணெயில் பொரித்துக் கொடுத்தாள். வீட்டுக்காரர் அது பொரியும்போது சட்டிக்குள் தலையை விடாத குறையாகப் பார்த்தார். ஒன்று சொல்ல வேண்டும்: நெய் கொண்டுபோகாதீர்கள். பால், இறைச்சி சம்பந்தப்பட்ட எதையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துப்போகக் கூடாது. பொடி, அப்பளம், உப்பில் ஊறவைத்துக் காயவைத்த நார்த்தங்காய்க்குத் தடை இல்லை.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். இந்த வீட்டைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. 'அஸேகியா' என்கிறார்கள்; அரபியில் 'ஸாகியா' என்பதுதான் அப்படி ஆகியிருக்கிறது. இரண்டு அடி அகலம், சிமெண்ட் கிடையாது, கல்லும் மண்ணும் வேரும்தான் கரை. மலை உச்சியில் பனி உருகும் தண்ணீரை ஆற்றிலிருந்து திருப்பி, சரிவோடு சரிவாகக் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுவருகிறார்கள். ஊருக்கு ஒரு பாசனச் சங்கம். வாய்க்காலைக் கவனிக்க ஓர் ஆள், 'அஸேகியெரோ'. பெயரைக் கேட்டதுமே அக்கா, "நீர்க்கட்டி" என்றாள். எங்கள் சின்ன வயதில் மடை திறக்க மண்வெட்டியோடு வருகிற நீர்க்கட்டிக்கு அறுவடையில் நெல் அளப்பார்கள். இங்கே சம்பளம். அதுதான் வித்தியாசம். மண்வெட்டிகூட அதே மண்வெட்டி, தகடு உள்பக்கம் சாய்ந்தது.

இந்த வீட்டின் தோட்டத்துக்கு ஆறு நாளைக்கு ஒரு தரம், இரண்டரை மணி நேரம் தண்ணீர். நேரம் சுற்றிச்சுற்றி மாறும். ஒரே ஆளுக்கு ராத்திரி முறையே விழக்கூடாது என்று. எங்களுக்கு வந்த முதல் முறை விடிகாலை 4 மணி. குளிர் எட்டு டிகிரி இருக்கும். தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரர் முன்னால், நாங்கள் மகனின் பழைய ஜெர்கினைப் போட்டுக்கொண்டு பின்னால். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு கற்பலகையை இறக்கி, இடுக்கில் பழந்துணியும் புல்கட்டியும் அடைத்தார். தண்ணீர் ஒரு நிமிடம் தயங்கியது, ஏறியது, பிறகு பக்கத்து வெட்டில் இறங்கித் தோட்டத்துக்குள் போனது. ஒவ்வொரு படிவயலாக நிரம்புகிற சத்தம். இருட்டில் அந்தச் சத்தத்தை நான் கடைசியாகக் கேட்டு நாற்பது வருடத்துக்கு மேல் இருக்கும். அக்கா பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். குளிர் என்றாள்.

மேலே மலையில் இன்னொரு வகை வாய்க்கால் இருக்கிறது. அதன் வேலை பாசனம் இல்லை. பனி உருகும் பருவத்தில் வரும் அதிகத் தண்ணீரை, கசியக்கூடிய பாறைப் பூமிக்குக் கொண்டுபோய் அங்கேயே உள்ளே இறக்கிவிடுகிறார்கள். அது மலைக்குள்ளேயே மெல்ல இறங்கி, வாரங்களோ மாதங்களோ கழித்துக் கீழே ஊற்றாக வருகிறது, கோடையில் தேவைப்படும் நேரத்தில். அணை இல்லாமல் மலையையே தொட்டியாக்கி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடப் பழக்கம். இளைஞர்கள் ஊரைவிட்டுப் போனதில் பல வாய்க்கால்கள் தூர்ந்துவிட்டன. கிரனாடா பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் ஒன்று 2014 முதல் தன்னார்வலர்களைக் கூட்டிவந்து ஊர்க்காரர்களோடு சேர்ந்து தூர்வாருகிறது. கேட்டதும் எனக்குக் குடிமராமத்து ஞாபகம் வந்தது.

அக்கா நீர்க்கட்டியிடம் ஒரு சந்தேகம் கேட்டாள், செல்போன் வழியாகத்தான். இவ்வளவு தண்ணீர் கரையில் கசிந்து வீணாகிறதே, சிமெண்ட் பூசினால் என்ன? எழுபது வயதிருக்கும் அந்த மனிதருக்கு. கேள்வியைப் படித்துவிட்டு வாய்க்கால் ஓரமாக நின்ற செஸ்ட்நட் மரங்களைக் கையால் காட்டினார், ஒவ்வொன்றாக. பிறகு தன் வாயைக் காட்டிக் குடிக்கிற மாதிரி செய்தார். கசிவில்தான் அந்த மரங்கள் நிற்கின்றன. கீழே இருக்கிற ஊற்றும் அதில்தான் வருகிறது. சிமெண்ட் பூசிய இடங்களில் மரம் காய்ந்துவிட்டதாம்.

ஒரு நாள் காலை வாய்க்கால் துப்புரவுக்கும் கூப்பிட்டார்கள். கட்டாயம் இல்லை. சருகும் கல்லும் வாரிக் கரையில் போடும் வேலை. நான் ஒரு மணி நேரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அக்கா மதியம் வரை செய்தாள். யோகா வகுப்பு, சமையல் வகுப்பு என்று தலைக்கு ஐம்பது யூரோ வாங்குகிற வீடுகளும் அங்கே உண்டு. இங்கே வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், வராவிட்டால் விட்டுவிடுவார்கள். எனக்கு இதுதான் பிடித்தது. நம்மை மகிழ்விக்கிறேன் என்று யாரும் பின்னாலேயே வருவதில்லை.

நடை நிறைய நடந்தோம். பம்பனெய்ராவிலிருந்து கபிலெய்ரா வரை ஏறுவது கிட்டத்தட்ட 380 மீட்டர் உயரம். காலை 8 மணிக்குக் கிளம்பி, புபியோனில் காப்பி குடித்து, 11 மணிக்குச் சேர்ந்தோம். இளவட்டங்கள் ஒரு மணி நேரத்தில் போகிறார்கள், போகட்டும். நெடும்பாதைகளில் வெள்ளை, சிவப்புக் கோடு கல்லிலும் மரத்திலும் போட்டிருக்கும்; இரண்டும் பெருக்கல் குறியாகக் கிடந்தால் அது தப்பான வழி. இன்னொரு நாள் கிழக்கே தாஆ என்ற பகுதியின் சின்னச்சின்ன ஊர்கள் வழியாக நடந்து பெர்ரெய்ரோலா. அங்கே இரும்புச் சத்துள்ள ஊற்று ஒன்று, சோடா மாதிரி நுரை அடிக்கிறது, பாறையெல்லாம் துருச் சிவப்பு. குடித்தால் ஐந்து பைசா நாணயத்தை நாக்கில் வைத்தமாதிரி. நாள் முழுக்கக் குயில் கூவிக்கொண்டே வந்தது. "குயிலா இது? கடிகாரத்துலேந்து வாறமாதிரி ரெண்டே ஸ்வரத்துல கூவுது" என்று அக்காவுக்கு ஏமாற்றம்.

பம்பனெய்ராவில் ஒரு நீரூற்றின் மேல் பலகை இருக்கிறது: கல்யாணம் ஆகாதவர் கல்யாண ஆசையோடு இந்தத் தண்ணீரைக் குடித்தால் உடனே ஜோடி அமையும் என்று. மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்கா நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேண்டாம்ட்டி. ஒரு தடவை குடிச்சது போதும்."

இனி குறைகள். கிரனாடாவில் நாங்கள் இருந்த மே 3-ஆம் தேதி சிலுவைத் திருநாள். தெருமுனையெல்லாம் சிவப்புக் கார்னேஷன் பூவால் சிலுவை கட்டி, சுற்றிலும் செப்புப் பாத்திரமும் பூவேலைச் சால்வையும் வைத்துக் கொலு மாதிரி அலங்காரம். ஒவ்வொரு அலங்காரத்திலும் ஓர் ஆப்பிள், அதில் ஒரு கத்தரிக்கோல் குத்தியிருக்கும். அந்த வகை ஆப்பிளுக்குப் பெயர் 'பேரோ'. ஸ்பானிஷில் 'ஆனால்' என்பதற்கும் அதே சொல்தான். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால்... என்று இழுக்க வருகிறவர்களின் 'ஆனால்' அங்கேயே நறுக்கப்படுகிறதாம். திருஷ்டிப் பூசணிக்காய்க்கு இதைவிடப் புத்திசாலித்தனமான ஒரு பதிலை நான் பார்த்ததில்லை. ஆனால் கத்தரிக்கோலுக்கு மதிப்புக் கொடுத்தால் இதை எழுத முடியாது.

வீட்டின் அறிவிப்பில் பேருந்து நிறுத்தத்திலிருந்து 20 நிமிட நடை என்று போட்டிருந்தது. அது வெறுங்கையோடு இறங்குகிற வீட்டுக்காரரின் 20 நிமிடம். பெட்டியோடு ஏறுகிற எங்களுக்கு 55 நிமிடம், அதுவும் கல் பாவிய பாதை. சக்கரப் பெட்டி அங்கே வெறும் சுமை. முதுகுப்பை எடுத்துப்போங்கள். நேரத்தைச் சொன்னால் வண்டி கொண்டுவருவார்கள் என்பது திரும்பும்போதுதான் தெரிந்தது. அதை அறிவிப்பில் போட்டிருக்கலாம். வெந்நீர்த் தொட்டி சிறியது, ஒருவர் தலைக்குக் குளித்தால் அடுத்தவர் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வீட்டுக்குள்ளே மாடிப்படி கல்லால் ஆனது, கைப்பிடி கிடையாது. ராத்திரி பாத்ரூம் கீழே. முழங்கால்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எழுதிக் கேட்டால் கீழறை தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள். மழை பெய்த அன்று எங்கள் அறை மூலையில் சொட்டியது. வீட்டுக்காரர் வாளி வைத்துவிட்டு, லௌனா நனைந்தால் தானே அடைபடும் என்றார். மறுநாள் காலை சொட்டு நின்றிருந்தது. மழையும் நின்றிருந்தது, எது காரணமோ. சிக்னல் அடுப்படி ஜன்னல் ஓரத்தில் மட்டும். அக்காவின் மகன் இரண்டு நாள் தொடர்பு கிடைக்காமல் என் மேல் கோபப்பட்டான்.

எங்கள் பக்கத்துக் குறை ஒன்றும் உண்டு. எட்டாம் நாள் இரண்டாவது தண்ணீர் முறை பகலில் வந்தது. முடிகிற நேரத்தில் வீட்டுக்காரர் யாரோ கூப்பிட்டு நகர்ந்தார். அக்கா, "நான் அடைக்கேன், எனக்குத் தெரியாத மடையா" என்று பலகையைத் தூக்கினாள். தூக்கியது எங்கள் பலகை இல்லை, பக்கத்துத் தோட்டத்துப் பலகை. நான் கத்துவதற்குள் வாய்க்கால் முழுசும் அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டது. அங்கே ஒருவர் முந்தினநாள்தான் தக்காளி நாற்று நட்டிருந்தார். வரிசையாக நாற்றுகள் மிதந்து போனதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. அவர் கத்தியது எதுவும் புரியவில்லை, புரியவும் தேவையிருக்கவில்லை. வீட்டுக்காரர் சமாதானம் பேசினார். நானும் அக்காவும் மறுநாள் காலை போய், மிஞ்சிய நாற்றைக் குனிந்து நிமிர்ந்து அவரோடு சேர்ந்தே நட்டுக் கொடுத்தோம். வேலை முடிந்ததும் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். கிளம்புகிற அன்று வழியில் பார்த்து அக்கா கைகூப்பினாள். அவர் தொப்பியைத் தொடவில்லை.

செலவு: இரட்டை அறை காலைச் சிற்றுண்டியோடு இரவுக்கு 64 யூரோ, இரவுச் சாப்பாடு தலைக்கு 14. ஒன்பது இரவுக்கு இருவருக்கும் 828 யூரோ. ஒரு யூரோ ஏறக்குறைய நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானம், விசா, ரயில், கிரனாடா எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஒன்றரை லட்சம் ஆனது. 2017-இல் அந்த ஏழு நாட்டுக்கும் கிட்டத்தட்ட இதேதான் கொடுத்தோம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று மாடிப்படிக்கு. ஏழு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தாலும், தினம் ஒரு புது ஊர் பார்த்தால்தான் திருப்தி என்றாலும் போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் நடக்க முடியாது என்று வீட்டுக்காரரே சொன்னார். மே, இல்லாவிட்டால் செஸ்ட்நட் விழும் அக்டோபர்.

ஜூலைக் கடைசியில் வீட்டுக்காரம்மா ஒரு படம் அனுப்பினார். வீட்டுக்குக் கீழே இருக்கிற ஊற்று, இன்னும் கட்டைவிரல் கனத்துக்கு விழுந்துகொண்டிருக்கிறது. மேலே இறக்கிவிட்ட தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தார். அக்காவுக்கு அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டேன். பார்த்தாளாம்.

"அது கெடக்கட்டும். அந்த மனுசனுக்குத் தக்காளி காச்சுதான்னு கேளு."